இலகுரகச் சண்டை ரோபோ

குறிப்பிட்ட எடை வரம்புக்குள் கட்டப்பட்டு, ரிமோட் மூலம் இயக்கப்பட்டு, கூண்டு போன்ற அரங்கில் எதிராளி ரோபோவைச் செயலிழக்க வைக்கப் போராடும் இயந்திரமே இலகுரகச் சண்டை ரோபோ. அமெரிக்கப் போட்டிகளில் லைட்வெயிட் பிரிவின் உச்ச வரம்பு 60 பவுண்டு, அதாவது 27.2 கிலோ. இந்தியக் கல்லூரி விழாக்களில் நடக்கும் ரோபோவார் போட்டிகளில் 8, 15, 30, 60 கிலோ என்று பிரிவுகள் உண்டு. அவற்றில் 30 கிலோ பிரிவு இதற்கு மிக நெருக்கமானது. திருச்சி வட்டாரத்து மண்ணச்சநல்லூர் ஆலைகளிலிருந்து கடைக்கு வரும் 26 கிலோ பொன்னி அரிசிச் சிப்பத்தைத் தோளில் தூக்கியவர்களுக்கு இந்தக் கனம் பழக்கமானதுதான். சட்டகம், கவசம், மோட்டார்கள், பேட்டரி, ஆயுதம் அத்தனையும் அந்த எடை வரம்புக்குள் அடங்கியாக வேண்டும்.

இந்த விளையாட்டு பிறந்தது கலிஃபோர்னியாவில். மார்க் தோர்ப் 1994-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் ‘ரோபோ வார்ஸ்’ போட்டியை நடத்தினார். 1999-இல் தொடங்கிய ‘பேட்டில்பாட்ஸ்’ அடுத்த ஆண்டே தொலைக்காட்சிக்கு வந்தது. 2002 வரை ஐந்து சீசன்கள் ஓடிய அந்தத் தொடரில் லைட்வெயிட் பிரிவுக்குத் தனி இடம் இருந்தது. 2015-இல் நிகழ்ச்சி மறுபிறவி எடுத்தபோது 250 பவுண்டு ஹெவிவெயிட்கள் மட்டுமே திரைக்குத் திரும்பின. பார்வையாளர்களுக்கு அது இழப்புதான். எடை குறையும்போதுதான் வடிவமைப்பாளரின் மூளை வெளியே தெரிகிறது.

பழைய தொடரின் முதல் சீசனில் லைட்வெயிட் பட்டம் வென்றது ஜிம் ஸ்மென்டோவ்ஸ்கியின் ‘பேக்லாஷ்’. முன்புறம் செங்குத்தாகச் சுழலும் வட்டத்தட்டு அதன் ஆயுதம். ஜொனாதன் ரிடர் கட்டிய ‘ஸிக்கோ’ வேறு வழியில் யோசித்தது: ஆயுதம் தனியே எதற்கு, மேலோடே சுழலட்டும். எந்தப் பக்கத்திலிருந்து நெருங்கினாலும் எதிராளிக்கு அடி விழும். அந்த ரோபோ நான்காவது சீசனின் லைட்வெயிட் சாம்பியன். ஜேசன் பார்டிஸின் ‘டாக்டர் இன்ஃபர்னோ ஜூனியர்’ பார்வைக்கு விளையாட்டுப் பொம்மை போலவே இருக்கும். தலை உண்டு, இரண்டு கைகள் உண்டு, கைகளில் ரம்பத் தட்டுகள் உண்டு. சிரித்துவிட்டுக் கடந்துபோகத் தோன்றும் அந்த உருவம்தான் மூன்றாவது, ஐந்தாவது சீசன்களின் பட்டத்தை வென்றது. ஸிக்கோவின் பட்டத்துக்கு முன்பும் பின்பும் அதுவே சாம்பியன்!

இன்று பரவலாகக் கட்டப்படும் வடிவம் ட்ரம். முன்புறம் படுக்கைவாட்டில் ஓர் உருளை, அதில் ஒன்றோ இரண்டோ எஃகுப் பற்கள். முன்பக்கத்தில் பல் கீழிருந்து மேல்நோக்கி வருமாறு உருளை சுழல்கிறது. எதிராளியின் அடிப்பகுதியில் பல் மாட்டியதும் அது மேலே தூக்கி எறியப்படுகிறது. எதிர்விசை தன் சொந்த உடலைத் தரையோடு அழுத்துவதால் அடித்த ரோபோ நிலைகுலைவதில்லை. மேலோடு சுழலும் ரோபோவுக்கு இந்த வசதி கிடையாது. அது அடிக்கும்போது தானும் பக்கவாட்டில் பறக்கும்.

கணக்கைப் பார்த்தால் ட்ரம்மின் வலிமை புரியும். 5 கிலோ எடையில், நிறையின் பெரும்பகுதி மையத்திலிருந்து ஐந்தரை சென்டிமீட்டர் தள்ளி இருக்குமாறு செய்த உருளை நிமிடத்துக்கு 6,000 சுற்று சுழன்றால், அதில் ஏறத்தாழ 3,000 ஜூல் ஆற்றல் சேர்கிறது. அதே ஆற்றல் இருந்தால் 27 கிலோ ரோபோவை 11 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஆற்றல் நான்கு மடங்கு. ஆனால் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ரோபோ நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப் பல் ஒரு சுற்று முடிப்பதற்குள் எதிராளி 30 மில்லிமீட்டர் உள்ளே வந்துவிடும். இரட்டைப் பல்லாக இருந்தால் 15 மில்லிமீட்டர்தான். வேகம் கூடக் கூட இந்தக் கடி ஆழம் சுருங்கி, பல் மாட்டாமல் உரசிக்கொண்டு நழுவும். ஒற்றைப் பல் வைத்து, மறுபுறம் எடையால் சமன் செய்யும் வடிவங்கள் வந்தது இதனால்தான். இன்னொரு தொல்லையும் உண்டு. முழுவேகத்தில் ட்ரம் சுழலும்போது ரோபோவைச் சட்டென்று திருப்பினால், கைரோ விளைவால் ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

பல்லின் எஃகை எந்த அளவுக்குக் கடினப்படுத்துவது என்பதில் அணிகள் நிறைய மண்டையைக் குடைகின்றன. அளவுக்கு மீறினால் ஒடியும், குறைந்தால் மழுங்கும். இஎன்24 எஃகை வெப்பப் பதம் செய்து பயன்படுத்துவது வழக்கம். சட்டகத்துக்கு அலுமினியம், கவசத்துக்கு ஹார்டாக்ஸ் தகடு. இதையெல்லாம் விரிவாகச் சொல்லும் கையேடு ஒன்றை ரியோ டி ஜெனீரோவின் பல்கலைக்கழக அணியான ரியோபாட்ஸ் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. ‘டூரோ’ என்ற ட்ரம் ரோபோக் குடும்பத்தைக் கட்டிய அணி அது.

திருச்சி வட்டாரத்துக்கு இந்தப் பொருள்களும் வேலைகளும் அந்நியமல்ல. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளை ஓட்டும் வி-பெல்ட், புல்லி, பேரிங் ஆகியவற்றின் சிறிய வடிவங்களே ட்ரம்மையும் சுழற்றுகின்றன. திருவெறும்பூரில் 1960-களில் வந்த பெல் கொதிகலன் ஆலையைச் சுற்றி வெல்டிங்கும் லேத் வேலையும் ஒரு தலைமுறைக்கு மேல் ஊறிப்போயிருக்கின்றன. அந்த வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. சற்றுத் தள்ளித் துவாக்குடியில், 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய என்.ஐ.டி. இருக்கிறது. அதன் தொழில்நுட்ப விழாவின் பெயர் ‘பிரக்யான்’.

தமிழ்நாட்டில் ரோபோவாருக்குப் பெயர்பெற்ற மேடைகளுள் ஒன்று வேலூர் வி.ஐ.டி.யின் ‘கிராவிடாஸ்’. நாட்டளவில் மும்பை ஐ.ஐ.டி.யின் ‘டெக்ஃபெஸ்ட்’ வெளிநாட்டு அணிகளையும் வரவழைக்கிறது. ஒரு சுற்று வழக்கமாக மூன்று நிமிடம். ரேடியோ தொடர்பு அறுந்தால் மோட்டார்கள் தாமாக நின்றுவிட வேண்டும். மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் இணைப்பு வெளியிலிருந்தே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இவை இரண்டும் சரியாக இல்லாத ரோபோவைச் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். லிபோ பேட்டரி துளைபட்டால் தீப்பிடிக்கும் என்பதால் அரங்கின் ஓரத்தில் மணல் வாளி தயாராக இருக்கும். சுற்றுகளுக்கு இடையே கிடைக்கும் சொற்ப நேரத்தில் பல்லை மாற்றி, வளைந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தி, பேட்டரியையும் மாற்றி ரோபோவை மறுபடி களத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அதனால் அணிகள் ஒரே அளவு போல்ட்டுகளையே உடல் முழுக்கப் பயன்படுத்தப் பார்க்கின்றன.