ஒளியைப் பிளக்கும் படிகம்

மரக்காணத்து உப்பளங்களில் உவர்நீர் வெயிலில் வற்றும்போது, உப்புக்கு முன்னரே ஜிப்சம் படிகின்றது. உப்புப் படிகத்தினுள் புகும் ஒளி ஒரே கதிராகச் செல்லும். ஜிப்சமோ அதனை இரண்டாகப் பிரித்துவிடும். பிரிந்த கதிர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் அதிர்கின்றன. இதனையே ஒளியின் முனைவாக்கம் என்பர்.

ஒளி விலகலை 11ஆம் நூற்றாண்டிலேயே சோதனைகளால் ஆராய்ந்தவர் இப்னுல் ஹைதம். அவரது ‘கிதாபுல் மனாஸிர்’ லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. படிகம் ஒளியைப் பிளப்பதை 1669இல் விவரித்தவர் டென்மார்க்கின் பார்த்தோலின். ஐஸ்லாந்துப் படிகக்கல் வழியே நோக்கிய பொருள்கள் அவருக்கு இரண்டிரண்டாகத் தோன்றின.

நம் நாட்டில், சர் சி.வி. இராமனின் சகோதரி மகன் பஞ்சரத்தினம் பெங்களூரில் இத்துறையில் உழைத்தார். முனைவாக்க நிலைகள் பல மாறித் தொடங்கிய நிலைக்கே திரும்பும் ஒளி, தான் வந்த வழியின் சுவட்டைத் தன் அலையில் தாங்கி வரும் என 1956இல் நிறுவினார். 1984இல் பிரிட்டனின் மைக்கேல் பெர்ரி இதனையொத்த பொதுவிதியை வெளியிட்ட பின்னரே உலகம் பஞ்சரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தது. அவரோ 1969இலேயே, 35 வயதில் மறைந்துவிட்டார்.

நம்மவர் உழைப்பைப் பிறர் சொல்லித்தான் நாம் அறிய வேண்டுமா? சிந்திப்போமாக.