காது குத்தல் : வன்னி மரபும் வரலாறும்

வரலாறு என்றவுடன் முடிமன்னரும் போர்களுமே பலர் நினைவில் எழுவர். ஆயின், ஓர் இனத்தின் வரலாறு அரண்மனையில் மட்டும் நிகழ்வதன்று. வீட்டுத் திண்ணையிலும் நிகழ்வது. மாமன் மடியில் இருத்திய குழந்தையின் காதுச் சோணையில் இடப்படும் சிறு துளைக்கும் ஈராயிரம் ஆண்டுக்குக் குறையாத வரலாறு உண்டு. அவ்வரலாற்றை வன்னி நாட்டை முன்வைத்துச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, பெருங்குளமொன்றை அண்டி அமைந்த ஊர் அக்கராயன். அப்பெயருடைய குறுநிலத் தலைவன் ஒருவன் அங்கிருந்து ஆண்டான் என்பது செவிவழி மரபு. காடும் குளமும் வயலும் சூழ்ந்த இத்தகைய ஊர்களில், வைத்தியமும் பொற்கொல்லர் பட்டறையும் எட்டத்தில் இருந்த காலத்தில், காது குத்தல் குடும்பத்தார் கூடிச் செய்யும் வீட்டுக் காரியமாகவே இருந்தது. பத்தர் வருவாராயின் பொற்கம்பியாற் குத்துவார். அவர் வாராவிடத்து, கைதேர்ந்த மூதாட்டி ஒருத்தி முள்ளாலோ ஊசியாலோ அதனை முடிப்பாள். துளை தூர்ந்துவிடாதிருக்க நூலோ வேப்பம் ஈர்க்கோ இடுவதும், எண்ணெயும் மஞ்சளும் பூசுவதும் தமிழ் மக்களிடையே பரவலாகக் காணப்பட்ட வழக்கங்களாம்.

இவ்வழக்கத்தின் தொன்மைக்கு மொழியே முதற் சான்று. ‘ஓலை’ என்னும் சொல் பனையின் இலையைக் குறிப்பதோடு மகளிர் காதணியையும் குறிக்கும். அம்மனுக்கும் ஆற்றுக்கும் படைக்கும் பொருள்களுள் ‘காதோலை கருகமணி’ இன்றும் இடம்பெறுகின்றது. பொன் தோடு தோன்றுமுன் பனையோலைச் சுருளே தோடாக விளங்கியது என்பதை இதனால் உணரலாம். சுருட்டிய ஓலை தானே விரிய முயலும் இயல்புடையது. ஆதலின் அது துளையை அடைத்து நிற்பதோடு, நாளடைவில் அதனை மெல்ல மெல்ல அகலவும் செய்யும். அணியே கருவியாகவும் அமைந்த நுட்பம் இது.

இலக்கியச் சான்றுகளும் பல. கோவலனைப் பிரிந்த கண்ணகி, குழையைக் களைந்து, வடிந்து தொங்கும் செவியளாய் இருந்த நிலையைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. செவி அங்ஙனம் வடிய வேண்டுமாயின், இளமையிலேயே குத்திப் பல்லாண்டு பேணியிருத்தல் வேண்டும். அக்கண்ணகியே நந்திக்கடற் கரையில் வற்றாப்பளையில் தெய்வமாக எழுந்தருளி, வைகாசி விசாகப் பொங்கலால் வன்னி மக்களை ஒன்றுகூட்டுகின்றாள் என்பது நினைக்கத்தக்கது. திருஞானசம்பந்தர் தம் முதற் பதிகத்தை இறைவன் செவியில் விளங்கும் தோட்டைச் சுட்டியே தொடங்கினார்.

இவை யாவும் அணி பூண்ட செவியைக் காட்டுவன. காது குத்தும் செயலையே பொருளாகக் கொண்டது பெரியாழ்வார் திருமொழியில் வரும் ஒரு பகுதி. கேசவன் முதலாகத் திருமாலின் பன்னிரு திருநாமங்களையும் சொல்லி அழைத்து, கண்ணனைக் காது குத்த இணக்குகின்றாள் யசோதை. பிள்ளை அஞ்சி ஓடுகின்றான். தாய் கனிகள் தருவதாக ஆசை காட்டுகின்றாள். நோவு உண்டாகாத வகையில் திரியிடுவதாகத் தேற்றுகின்றாள். ஆண்பிள்ளைக்கும் காது குத்துதல் அன்று வழக்காறு என்பதும், அது தாயின் முன்னிலையில் வீட்டிலேயே நிகழ்ந்தது என்பதும், குத்திய துளையிற் திரியிடும் முறை இருந்தது என்பதும் இப்பகுதியால் விளங்கும்.

அத்திரியின் பொருளை அறியச் சுசுருத சங்கிதையை நோக்குதல் வேண்டும். அந்நூலின் சூத்திரத்தானம், 16ஆம் அத்தியாயம், செவி குத்தும் விதியை வகுத்துரைக்கின்றது. ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில் குழந்தையை மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள்களால் மகிழ்வித்து, மருத்துவன் இடக்கையாற் சோணையை இழுத்து ஞாயிற்றின் ஒளியிற் பார்க்க வேண்டும். ஒளி ஊடுருவித் தோன்றும் மெல்லிய இடமே குத்துதற்கு உரியது. அங்கே நேராகக் குத்த வேண்டும். ஆணுக்கு வலச்செவி முதலிலும் பெண்ணுக்கு இடச்செவி முதலிலும் குத்தப்படும். பின் பஞ்சுத் திரியிட்டு எண்ணெய் வார்த்து, மூன்று நாளுக்கு ஒருமுறை திரியைச் சற்றுப் பருமனாக மாற்றிவர வேண்டும். மிகுந்த குருதியும் நோவும் தோன்றினால் குத்திய இடம் பிழை என்று கொள்ள வேண்டும். புண் சீழ்க்கொண்டு நோகுமாயின் திரியை அகற்றி, மருந்து பூசி, ஆறிய பின்னரே மறுபடி குத்த வேண்டும்.

அதே அத்தியாயம், அறுந்த சோணையை ஒட்டுதற்குப் பதினைந்து முறைகளையும், அறுபட்ட மூக்கை மீள அமைக்கும் முறையையும் கூறுகின்றது. மூக்கமைக்கும் கலை இந்தியாவில் மறையாது நின்றமையை 1794இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்த செய்தி ஐரோப்பியருக்கு உணர்த்தியது. அதனை ஆராய்ந்த கார்ப்பியூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814இல் அம்முறையைத் தாமே கையாண்டார். தற்கால ஒட்டறுவை மருத்துவத்தின் வேர்களுள் ஒன்று, காது குத்தலைக் கூறும் அதே அத்தியாயத்தில் இருந்தமை வியப்பன்றோ?

இலங்கையைப் பற்றிய சான்றும் உண்டு. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த உறொபேட் நொக்ஸ், அருவியாற்றங்கரை வழியே வன்னிக் காடுகளைக் கடந்து அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பியவர். 1681இல் வெளிவந்த தம் நூலில், கண்டி நாட்டு மக்கள் இளமையிற் காது குத்தித் தென்னோலைச் சுருளை இட்டுத் துளையைப் பெருக்கியதை அவர் குறித்துள்ளார். பனையோலையும் தென்னோலையும் வேறாயினும் கைம்முறை ஒன்றே. இத்தீவின் இருமொழி மக்களும் ஒரே பண்பாட்டு ஊற்றின் நீரை அருந்தினர் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாம்.

காலம் மாற, வடித்த காதும் ஆடவர் கடுக்கனும் அருகின. மகளிர் தோடு மட்டும் நிலைத்தது. பின்னர் வந்த போர், அணியை மட்டுமன்றி அறிவையும் சிதறடித்தது. 1996இல் கிளிநொச்சி நகர் போர்க்களமான போது, அதன் மருத்துவமனை அக்கராயனுக்கு இடம்பெயர்ந்து இயங்கிற்று. 2008இல் அக்கராயன் மக்களும் ஊரை விட்டு நீங்க நேர்ந்தது. 2009இல் போர் முடிந்த பின்னரே படிப்படியாக மீண்டனர். இத்தகைய அலைவில் முதியோரை இழந்த குடும்பங்கள், அவர்தம் கைப்பழக்கத்தையும் உடன் இழந்தன.

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். முன்னோர் காது குத்தியது துணிச்சலால் அன்று, முறையால். இடம் அறிதல், நேராகக் குத்தல், துளை பேணல், பிழை கண்டவிடத்து நிறுத்தல் என நான்கும் அம்முறையின் அங்கங்கள். அவை மறந்து ஊசி மட்டும் எஞ்சுமாயின், வீட்டுக் காது குத்தல் மரபாகாது; விளையாட்டே ஆகும். சோணை ஒழிந்த காதின் மேற்பகுதி குருத்தெலும்பாலானது. அதற்குத் தனிக் குருதிக் குழாய் இன்மையாற் புண் ஆறப் பன்மாதங்கள் செல்லும், கிருமி தொற்றினாற் காதின் வடிவே கெடலாம். சோணையோ பெரும்பாலும் ஆறு முதல் எட்டுக் கிழமையில் ஆறிவிடும். சோணையையே தேர்ந்த முன்னோரின் நெறி இக்கால மருத்துவத்தோடும் பொருந்துகின்றது.

எனினும் அவர்கள் அறியாததும் உண்டு. நோய்க்கிருமி பற்றிய அறிவு 19ஆம் நூற்றாண்டின் பேறு. ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தினால் ஈரலழற்சி போன்ற நோய்கள் பரவும். தூய்மையற்ற முள்ளால் ஏற்புவலி வரக்கூடும். நிக்கல் கலந்த மலிவான தோடு தோலை அரிக்கும். மஞ்சள் கிருமியழிப்புக்கு ஈடாகாது. ஆகவே குத்தும் ஊசியை மருத்துவத்துறையிடம் விடுத்து, மாமன் மடியையும் உறவினர் வாழ்த்தையும் வீட்டில் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. மரபின் உயிர் முள்ளில் இல்லை. குழந்தையைச் சூழ்ந்து நிற்கும் சுற்றத்தில் உள்ளது.

மாணவர்காள்! வன்னியின் வரலாறு கல்வெட்டிலும் ஆவணத்திலும் அருகியே கிடைக்கின்றது. ஆயின், வடித்த காதுடைய பாட்டியரைக் கண்ட முதியோர் இன்னும் நம் வீடுகளில் உளர். அவர்கள் எதனாற் குத்தினர், எதனை இட்டனர், என்ன பெயரிட்டு வழங்கினர் என்பவற்றை விடுமுறை நாளிற் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் மறையும் போது அச்சொற்களும் மறைந்துபோம். செவி குத்தியோர் சொன்னதைச் செவி சாய்த்துக் கேட்பது, குத்தப்பெற்ற செவியுடையோர் கடனாகும்.