மேல்நிலமும் அடிநிலமும்: பூகன்வில் போரின் காலனியச் சட்ட வேர்கள்

சாலமன் தீவுத் தொடரின் வடமேற்கில் உள்ள பூகன்வில்லில் 1988இல் மூண்டு ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்த போரை இனப் பிரிவினைப் போர் என்று எழுதுவதே வழக்கம். சான்றுகள் இல்லாமல் இல்லை. 1886இல் பிரிட்டனும் ஜெர்மனியும் கடலைப் பங்கிட்டபோதும், 1899இல் அந்தப் பங்கீட்டைத் திருத்தியபோதும் பூகன்வில் ஜெர்மன் வசமே நின்றது. தெற்கே கண்ணுக்கெட்டும் தொலைவிலுள்ள ஷார்ட்லண்ட் தீவுகள் பிரிட்டனுக்குப் போயின. 1914இல் ஆஸ்திரேலியப் படை வந்தது; தீவு ஆஸ்திரேலிய நிர்வாகத்தின் கீழ்ப் போனது. 1975 செப்டம்பர் 1 அன்று, பூகன்வில்லையும் உள்ளடக்கிய பப்புவா நியூ கினி விடுதலை பெறுவதற்குப் பதினைந்து நாள் முன்பு, பூகன்வில் தலைவர்கள் தனி நாட்டை அறிவித்தார்கள்.

ஆனால் அந்தக் குரல் 1976இல் மாகாண ஆட்சியைப் பெற்றுக்கொண்டு தணிந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து தீவிலுள்ள பங்குனா செப்புச் சுரங்கத்தின் மின்கோபுரங்களை வெடிவைத்துத் தகர்க்கும் அளவுக்குச் சீற்றம் எங்கிருந்து வந்தது? இன வேறுபாட்டைக் கொண்டு இதை விளக்க முடியாது. அந்தச் சுரங்கத்துக்கு அடிப்படையாக இருந்த காலனிய நிலச் சட்டத்தில்தான் விடை இருக்கிறது என்பது என் வாதம்.

அந்தச் சட்டத்தின்படி மேல்நிலம் குடிகளுக்கு, அடியில் உள்ள கனிமம் அரசுக்கு. தீவின் பெரும்பகுதியில் நிலம் தாய்வழியே இறங்குவது. அங்கே இப்படி ஒரு பிளவு யாருக்கும் விளங்கவில்லை. அதிகாரிகளோ பெரும்பாலும் ஆண்களிடமே பேசினார்கள். சட்டமன்ற உறுப்பினர் பால் லாபுன் 1966இல் போராடிப் பெற்றது, அரசுக்கு வரும் உரிமத்தொகையில் நிலவுடைமையாளர்களுக்கு 5 சதவீதம். அதையும் பெரிய சலுகை என்றார்கள்.

1969 ஆகஸ்டில் ரொரொவானா கிராமத்தில் சுரங்கத் தேவைக்காக நில அளவைக்காரர்கள் எல்லைக்கல் நட வந்தபோது பெண்கள் முன்னே போய் அதைப் பிடுங்கினார்கள். ஆஸ்திரேலிய நிர்வாகத்தின் போலீஸ் கண்ணீர்ப்புகையும் தடியுமாகப் பதில் சொன்னது. 1972இல் உற்பத்தி தொடங்கியது. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் 40 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரே குழியிலிருந்து வந்தது. கழிவு ஜாபா ஆற்றில் இறங்கியது.

1987இல் பெர்பெச்சுவா செரேரோவும் பிரான்சிஸ் ஓனாவும் புதிய நிலவுடைமையாளர் சங்கத்தின் தலைமைக்கு வந்தார்கள். ஓனா சுரங்கத்திலேயே வேலை பார்த்தவர். அவர்களுடைய முதல் பிணக்கு தலைநகரோடு அல்ல. சுரங்கத்தின் இழப்பீட்டுப் பணத்தைக் கையில் வைத்திருந்த சொந்த ஊர் மூத்தவர்களோடு. இனப் போர் என்பவர்கள் இந்தத் தொடக்கத்தைக் கண்டுகொள்வதில்லை. பின்னாளில் பூகன்வில்காரர்களே இரு தரப்பாகி ஒருவரையொருவர் சுட்டதற்கும் அவர்களிடம் விளக்கம் இல்லை.

மின்கோபுரத் தாக்குதல்களைத் தொடர்ந்து 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது. பப்புவா நியூ கினிப் படையின் அடக்குமுறையும், மருந்தைக்கூடத் தடுத்த 1990ஆம் ஆண்டின் முற்றுகையும் நிலத் தகராறைப் பிரிவினைப் போராக முற்றவைத்தன. ஆகவே பிரிவினை உணர்வு பொய்யல்ல. ஆனால் அதை மீண்டும் மூட்டியது சுரங்கம். 2001 அமைதி உடன்படிக்கையில் பிறந்த தன்னாட்சி அரசின் வரிசைமுறையும் இதற்கு ஒத்துப்போகிறது. 2019 பொதுவாக்கெடுப்பில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தனி நாட்டுக்கு வாக்களித்தார்கள். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 2015 சுரங்கச் சட்டத்தின் வழியே, அடிநிலக் கனிமத்தின் உரிமையை மரபுவழி நிலவுடைமையாளர்களுக்கு அந்த அரசு திருப்பிக் கொடுத்திருந்தது.