எண்ணும் இடமும்: விண்டோஸ் புதுப்பிப்புப் பிழை 80070643 பற்றிய ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10 கணினிகளுக்குக் கேபி 5034441 என்ற பாதுகாப்புப் புதுப்பிப்பு வெளியானது. ஏராளமான கணினிகளில் அது ஏறாமல் நின்று, 80070643 என்ற பிழை எண்ணைக் காட்டியது. மறுமுயற்சிப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் வந்தது. இப்படி மாட்டிக்கொள்ளும் வீட்டுக்காரரிடம், "விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்று யாராவது சொல்வது வழக்கம். பிள்ளைகளின் படங்களும் பத்தாண்டுக் கணக்குவழக்குகளும் இருக்கும் கணினிக்கு அது பெரிய விலை. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மருந்து தேடக் கூடாது. வேலை வட்டின் எந்த இடத்தில் நின்றது என்று பார்த்த பிறகே எண்ணுக்குப் பொருள் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. பிழை எண்ணின் இலக்கணம்

இந்த எண்கள் பதினறும எண்முறையில் எழுதப்படுபவை. 80070643 என்பதை நடுவில் பிரித்துப் படிக்க வேண்டும். தொடக்கத்திலுள்ள 8 தோல்வியைக் குறிக்கிறது. அடுத்து வரும் 7, இது விண்டோஸின் பொதுவான பிழைப்பட்டியலைச் சேர்ந்தது என்கிறது. மிச்சமுள்ள 0643-ஐ நம் பதின்ம முறைக்கு மாற்றினால் 1603. நிறுவல் தோல்வியுற்றது என்பதே அதன் பொருள்.

இதே முறையில் 80070005-ஐப் பிரித்தால் 5, அதாவது அனுமதி மறுப்பு. 80070070-இல் உள்ள 70 பதின்மத்தில் 112. வட்டில் இடமில்லை என்று அர்த்தம். 8024 என்று தொடங்குபவை புதுப்பிப்பைத் தேடி இறக்கும் சேவையிலிருந்து வருபவை. பிரித்துப் படிக்கத் தெரிந்தாலே பாதித் தேடல் மிச்சமாகும்.

ஆனால் 1603 எதையும் சொல்லாத எண். நிறுவல் தோற்றது என்பது அழுத்தியவருக்கே தெரியும். ஏன் தோற்றது என்பதல்லவா கேள்வி?

3. எண் தவறாக வந்த கதை

டாட்நெட் தொகுப்பை நிறுவும்போதும் 80070643 வருவதுண்டு. எனவே எண்ணைத் தேடியவர்களுக்கு டாட்நெட்டைப் பழுதுபார்க்கும் வழிகளே கிடைத்தன. அவற்றால் இந்தப் பிழைக்கு எந்தப் பயனும் இல்லை. உண்மையில் வந்திருக்க வேண்டியது இடப் பற்றாக்குறையைச் சொல்லும் செய்தி. பிழையை அறிவிக்கும் நிரலிலேயே கோளாறு இருந்ததால் வேறு எண் வந்தது என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவுக் குறிப்பில் ஒப்புக்கொண்டது.

இடம் போதாதது சி டிரைவில் அல்ல. டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைத் திறந்தால் வட்டு ஒரு நீளப் பட்டையாகத் தெரியும். இடப்பக்கம் கணினியைத் தொடக்கிவைக்கும் 100 எம்பி அளவுள்ள சிறு பெட்டி, நடுவே பட்டையை அடைத்துக்கொண்டு சி டிரைவ், வலது ஓரத்தில் 500 எம்பியை ஒட்டிய இன்னொரு சிறு பெட்டி. பல கணினிகளில் அமைப்பு இதுதான். அந்த ஓரப் பெட்டிக்குப் பெயரும் இல்லை, டிரைவ் எழுத்தும் இல்லை. விண்டோஸ் எழ மறுக்கும் நாளில் காப்பாற்ற வரும் மீட்புச் சூழல் அதற்குள் இருக்கிறது. கணினியைக் கையில் எடுத்த ஒருவர் அச்சூழல் வழியாக பிட்லாக்கர் என்னும் வட்டுப் பூட்டைத் தாண்டிவிடும் ஓட்டையை அடைக்கவே இப்புதுப்பிப்பு வந்தது. அந்தப் பெட்டிக்குள் 250 எம்பி காலியாக இருந்தால்தான் அது ஏறும். சி டிரைவில் 200 ஜிபி காலியாகக் கிடந்தாலும் உதவாது.

4. பொதுவான பழுதுகள்

எல்லாப் பிழையும் இத்தனை ஆழமானதல்ல. இறக்கத்திலேயே நின்றால், புதுப்பிப்புச் சேவையை நிறுத்திவிட்டு, சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிப்யூஷன் கோப்புறையின் பெயரை மாற்றி, சேவையை மறுபடி தொடங்குவதே பெரும்பாலும் போதும். நிறுவலில் 80073712 வந்தால் விண்டோஸின் கூறுக் கிடங்கு சிதைந்திருக்கிறது. அப்போது முதலில் டிஐஎஸ்எம் கட்டளையால் கிடங்கைச் சீராக்கி, பிறகு எஸ்எஃப்சி கட்டளையை ஓட்ட வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது. எஸ்எஃப்சி கெட்ட கோப்புக்கு மாற்றுப் பிரதியை அந்தக் கிடங்கிலிருந்தே எடுக்கிறது.

5. ஓரப் பெட்டியைப் பெரிதாக்குதல்

கேபி 5034441-இன் 80070643 பிழையைத் தானாகச் சரிசெய்யும் வழி வராது என்று மைக்ரோசாஃப்ட் பின்னர் அறிவித்துவிட்டதால், கையால் செய்வதே வழியாயிற்று. கணினியில் அந்த ஓரப் பெட்டி, அதாவது மீட்புப் பகுதியே இல்லாதவர்களுக்கு இப்புதுப்பிப்பு தேவையில்லை. பிழையைப் பொருட்படுத்தாமல் விடலாம்.

செய்பவர் முதலில் முக்கியக் கோப்புகளை வெளி வட்டில் பிரதி எடுக்க வேண்டும். பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைப்பது கட்டாயம். பிறகு நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ரீஏஜென்ட்சி கட்டளையால் மீட்புச் சூழலின் தற்போதைய இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு அதை முடக்க வேண்டும். பிறகு வட்டைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கருவியில் சி டிரைவை 250 எம்பி சுருக்கி, பழைய மீட்புப் பகுதியை நீக்கி, கிடைத்த மொத்த இடத்தில் புதியதை உருவாக்க வேண்டும். நீக்கும் கட்டளையை அழுத்தும் முன் எந்தப் பகுதி தேர்வாகியிருக்கிறது என்று பட்டியலை மறுபடி பாருங்கள். தேர்வான பகுதிக்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். அது சி டிரைவுக்கு எதிரே நின்றால் கையை எடுத்துவிட வேண்டும். அங்கே ஒரு எண் பிசகினால் வீட்டின் படங்கள் அத்தனையும் போய்விடும்.

முடிவில் ரீஏஜென்ட்சியால் மீட்புச் சூழலைத் திரும்ப இயக்கி, அதன் நிலையைக் கேட்க வேண்டும். 'எனேபிள்டு' என்று பதில் வந்து, புதிய பகுதியின் எண்ணும் காட்டப்பட்டால், புதுப்பிப்பை மறுபடி ஓட்டலாம்.