கை எடுத்தபின் நிற்கும் நாதம்: இந்தியாவில் ஸ்டீல் கிதாரும் எதிரொலிப் பெடலும்

ஸ்டீல் கிதார் வாசிக்கும் ஒருவர் எந்த ரிவெர்ப் பெடலை வாங்குவது, எந்த டிலே பெடலை வாங்குவது என்று தேடும்போது, விலையும் திருகுகளின் எண்ணிக்கையும்தான் அவர் கண்ணில் முதலில் படுகின்றன. ஆயினும் அந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. மீட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்கும் ஒலியைக் கொண்டு, குரலைப் போல இடையறாது நீளும் இசையை எவ்வாறு உண்டாக்குவது என்பதே அக்கேள்வியின் பழைய வடிவம். இதற்கு இரண்டு விடைகள் உருவாயின. ஒன்று, ஒலியை மின்வழியாகத் தேக்கி மீண்டும் ஒலிக்கச் செய்வது. மற்றொன்று, கருவியின் உடலிலேயே கூடுதல் தந்திகளைப் பூட்டி, அவற்றைத் தாமாக அதிரவிடுவது. இந்தியாவில் ஹவாய் கிதார் கடந்துவந்த பாதையில் இவ்விரண்டுமே காணக்கிடைக்கின்றன. இரண்டாவது விடை மரபின் தொடர்ச்சியாகப் போற்றப்படுகிறது. முதலாவது பெரும்பாலும் ஒப்பனையாகவே கருதப்படுகிறது. இந்தப் பாகுபாடு எந்த அளவுக்குப் பொருத்தமானது என்பது ஆராயத்தக்கது.

சிக்கலின் வேர் கருவியின் அமைப்பில் இருக்கிறது. ஹவாயின் லையே ஊரில் 1874-இல் பிறந்த ஜோசப் கெக்குக்கு, மாணவப் பருவத்திலேயே தந்திகளின் மீது உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் முறையை உருவாக்கினார் என்பது பெரும்பாலோர் ஏற்கும் வரலாறு. இந்தியாவில் பிறந்து ஹவாய் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவர் அதற்கு முன்பே இம்முறையைக் கையாண்டார் என்ற கூற்றும் உண்டு. தோற்றுவித்தவர் யாராயினும் முறை ஒன்றே. கிதாரை மடியில் கிடத்தி, தந்திகளை மெட்டுகளில் படாதவாறு உயர்த்தி, இடக்கையில் எஃகுத் தண்டைப் பிடித்து வழுக்கி வாசிப்பர். மெட்டுகளின் தடை இல்லாததால் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றிச் செல்லலாம். வாய்ப்பாட்டின் அசைவுகளை ஏற்க இதைவிட இணக்கமான அமைப்பு அரிது.

அந்த இணக்கத்திலேயே ஒரு குறையும் அடங்கியிருக்கிறது. வழுக்கிச் செல்லும் அசைவு நடைபெறுவது தந்தியை மீட்டிய பிறகுதான். அதாவது, ஒலி தேய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் இசையின் மிக நுண்ணிய பகுதி நிகழ்கிறது. நீண்ட மீண்ட் ஒன்றின் முதற்பகுதி தெளிவாகக் கேட்கும். சென்றடையும் சுரமோ, பல வேளைகளில், கேட்பவரின் ஊகத்துக்கு விடப்படும். கனமான தண்டைப் பயன்படுத்துவது, தடித்த தந்தி பூட்டுவது, தண்டை மெல்ல நடுக்கி ஒலியை உயிர்ப்போடு வைத்திருப்பது ஆகியவை இதற்கான தொடக்ககால உத்திகள்.

இக்கருவி இந்தியாவில் வேரூன்றிய முதன்மையான நகரம் கல்கத்தா. கெக்குக்கு பிறந்த அதே லையேயில் வளர்ந்த தாவ் மோ, தம் குடும்பத்தாருடன் உலகின் பல பகுதிகளில் இசைப்பயணம் செய்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்பித்தும் வந்தார். அந்நகரின் ஆங்கிலோ-இந்தியக் கலைஞரான கார்னி நைஸ், அலோகா பாய்ஸ் என்ற குழுவுடன் இசைத்தட்டுகள் வெளியிட்டார். உணவு விடுதிகளின் நடன அரங்குகளிலிருந்து வங்காளிகளின் இல்லங்களுக்குள் இக்கருவி நுழைந்தபோது அதன் பணி மாறியது. ஹவாய் மெட்டுகளின் இடத்தில் ரவீந்திர சங்கீதமும் நஸ்ருல் கீதிகளும் வந்தன. நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தரே இக்கருவியில் தேர்ந்தவர். சொல்லின்றிப் பாடலைப் பாடிக் காட்டுவது என்பது கிதாரின் புதிய கடமையாயிற்று. கேட்பவர் நெஞ்சில் பாடலின் சொற்கள் ஏற்கெனவே இருந்தன. ஒவ்வோர் அசையும் உரிய நீளத்துக்கு ஒலிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. ஒலி தேய்வது என்ற பழைய குறை இங்கேதான் கூர்மையடைந்தது.

முதல் உதவி மின்சாரத்திடமிருந்து வந்தது. வணிக முறையில் வெற்றிபெற்ற முதல் மின்கிதாரே மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிதார்தான். ஜார்ஜ் போஷாம் 1930-களின் தொடக்கத்தில் வடிவமைத்த அக்கருவி, அதன் உருவத்தால் ‘வாணலி’ என்று பெயர்பெற்றது. அதற்கான காப்புரிமை 1937-இல் கிடைத்தது. ஒலிபெருக்கியின் துணையால், முன்பு செவிக்கு எட்டாமல் போன தேய்வின் கடைப்பகுதியும் கேட்கலாயிற்று. தொடர்ந்து, காலால் இயக்கும் ஒலியளவுப் பெடல் வந்தது. மீட்டும்போது ஒலியைச் சற்று அடக்கி, தந்தி தேயத் தேயப் பெடலை மெல்ல அழுத்தினால், ஒலியளவு ஏறத்தாழச் சமமாக நிற்கும். மீட்டலின் கூர்மை மறைந்து, வயலினின் வில்லோட்டத்தை ஒத்த தொடர்ச்சி பிறக்கும்.

ஆனால் மின்வாங்கியின் வழியே வரும் ஒலியில் ஒரு வறட்சி இருக்கும். மரப்பெட்டியின் அதிர்வோ அறைச் சுவர்களின் மறுமொழியோ அதில் இல்லை. அந்த இல்லாத அறையைச் செயற்கையாகப் படைக்கும் முயற்சிகளே எதிர்முழக்கக் கருவிகளும் எதிரொலிக் கருவிகளும். ரிவெர்ப் என்பது எதிர்முழக்கம்: எண்ணற்ற பிரதிபலிப்புகள் ஒன்றோடொன்று கலந்து, தனித்தனியாகப் பிரித்தறிய முடியாத தொடர்ச்சியாக மெல்ல அடங்குவது. டிலே என்பது எதிரொலி: ஒலித்தது குறிப்பிட்ட இடைவெளிக்குப் பின் தனியாக மீண்டும் கேட்பது. முன்னது இடத்தின் உணர்வைத் தருகிறது. பின்னது காலத்தின் மீது இசையை மடித்துப் போடுகிறது.

இவற்றின் தொழில்நுட்ப வரலாறு வியப்பூட்டும் கிளைகளை உடையது. சுருள்வில்லில் ஒலியைச் செலுத்தித் தாமதப்படுத்தும் முறை, தொலைபேசி தொடர்பான ஆய்வுகளிலிருந்து ஹாமண்ட் நிறுவனத்தின் ஆர்கன்களுக்கு வந்தது; அங்கிருந்து கிதார் உலகுக்குப் பரவியது. ஃபெண்டர் நிறுவனம் 1961-இல் தனி ரிவெர்ப் பெட்டியை வெளியிட்டது. ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக 1957-இல் வந்த இ.எம்.டி. 140 என்ற எஃகுத்தகட்டுக் கருவி கால் டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ளது. காந்த நாடாவில் பதிந்து உடனே மீட்டொலிக்கும் வகையில், 1958-இல் இங்கிலாந்தில் வாட்கின்ஸ் காப்பிகேட்டும், 1974-இல் ஜப்பானில் ரோலண்ட் ஆர்.இ.-201-உம் வந்தன. பிலிப்ஸ் ஆய்வகத்தில் 1969-இல் உருவான, மின்னூட்டத்தைப் படிப்படியாகக் கைமாற்றும் சுற்று, நாடாவின் தேவையை நீக்கியது. 1980-களில் எண்முறை டிலே பெடல்கள் வந்தபோது, ஒரு கூடத்தின் எதிரொலி முழுவதும் காலடியில் வைக்கத்தக்க சிறு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. தேவாலயங்களையும் பேரரங்குகளையும் அணுக இயலாத சாதாரண இசைஞருக்கும் அவற்றின் ஒலிவெளி கைக்கெட்டியது என்பதே இவ்வளர்ச்சியின் சமூகப் பொருள்.

இந்தியாவில் இதே காலத்தில் வேறொரு தேடலும் நடந்தது. அலி அக்பர் கானின் மாணவரான ஜோத்பூரின் பிரிஜ் பூஷண் காப்ரா, கிதாரில் முழுமையான ராக ஆலாபனையை வாசிக்க முற்பட்டார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌரசியா ஆகியோருடன் அவர் பங்குகொண்ட ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டு 1967-இல் வெளிவந்தது. அடுத்த தலைமுறையில் ஜெய்ப்பூரின் விஸ்வ மோகன் பட் தம் மோகன வீணையில் 12 பரிவுத் தந்திகளைப் பூட்டினார். காப்ராவிடம் பயின்ற கல்கத்தாவின் தேபாஷிஷ் பட்டாச்சார்யா, 24 தந்திகள் கொண்ட சதுரங்கியை உருவாக்கினார். சாரங்கியிலும் சரோதிலும் சிதாரிலும் நெடுங்காலமாக உள்ள ‘தரப்’ அமைப்பே இங்கு கிதாரின் உடலில் குடியேறியது. தென்னகத்தில், சகாராம ராவின் வழியாகப் புகழ்பெற்ற கோட்டுவாத்தியமும் மெட்டில்லாத தண்டியில் கட்டையை வழுக்கி வாசிக்கும் கருவியே. அதிலும் முதன்மைத் தந்திகளின் கீழ்ப் பரிவுத் தந்திகள் ஓடுகின்றன. வழுக்கி வாசிக்கும் கருவிகள் மீண்டும் மீண்டும் இந்த அமைப்பை நாடியது தற்செயலன்று.

மின்வழி எதிரொலிக்கும் பரிவுத் தந்திக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. பரிவுத் தந்தி தேர்ந்து பதிலளிக்கும். ராகத்தின் சுரங்களுக்கு இசைவாகச் சுருதி கூட்டப்பட்ட தந்திகள், அச்சுரங்கள் சரியாக ஒலிக்கும்போதே முழுமையாக விழித்தெழும்; சுருதி விலகினால் அவை ஏறத்தாழ மௌனம் காக்கும். ஆகவே அது ஒலியை நீட்டுவதோடு வாசிப்பவரின் சுருதிக்குச் சான்றும் அளிக்கிறது. டிலே பெடலிடம் அத்தகைய தேர்வு இல்லை. பிழையையும் சரியையும், மீட்டலின் ஓசையையும் தண்டின் உரசலையும் அது வேறுபாடின்றித் திருப்பித் தருகிறது.

வழுக்கலில் இதன் விளைவு தெளிவாகப் புலப்படும். காந்தாரத்திலிருந்து மத்தியமத்துக்கு ஒரு நொடியில் நகரும் அசைவை எடுத்துக்கொள்ளலாம். டிலே 400 மில்லிநொடியில் இருந்தால், தண்டு மத்தியமத்தை எட்டும் வேளையில், பின்னணியில் இடைவழியின் சுருதியே ஒலித்துக்கொண்டிருக்கும். இரண்டும் உரசும். பெயர்ந்துகொண்டே இருக்கும் சுருதிதான் இக்கருவியின் சிறப்பு. அந்தச் சிறப்பையே எதிரொலி கலங்கடிக்கக்கூடும். நிலைத்த மெட்டுகளை உடைய கிதாருக்கு அழகு சேர்க்கும் அமைப்பு ஸ்டீல் கிதாருக்குச் சேறாவது இதனால்தான்.

பெடலைத் தேர்வதற்கான அளவுகோல்கள் இங்கிருந்தே பிறக்கின்றன. எத்தனை வகை ஒலிகள் உள்ளன என்பதைவிட, எவ்வளவு குறைவாக, எவ்வளவு மென்மையாக அமைக்க முடிகிறது என்பதே முக்கியம். மீளும் ஒலியின் கூர்மையை மழுக்கும் வசதி இருந்தால், அது மூல ஒலியோடு போட்டியிடாமல் பின்னே நிற்கும். நாடாக் கருவிகளின் எதிரொலி இன்றும் விரும்பப்படுவதற்கு அவற்றின் இயல்பான மங்கலே காரணம். விரல்களில் உலோக நகங்கள் அணிந்து மீட்டுவோருக்குச் சுருள்வில் ரிவெர்ப் ஒவ்வொரு மீட்டலிலும் துள்ளும் ஓசையைச் சேர்க்கலாம். தகட்டையோ கூடத்தையோ ஒத்த ரிவெர்ப் அமைதியானது. தாளத்தோடு இணைய வேண்டுமெனில் கணக்கு எளிது: நிமிடத்துக்கு 80 அடிகள் என்ற காலப்பிரமாணத்தில் ஓர் அடி 750 மில்லிநொடி, அதன் பாதி 375. ஒலியளவுப் பெடலை டிலேவுக்கு முன்னே வைத்தால், காலை எடுத்த பின்னும் எதிரொலி தானாக அடங்கும். பின்னே வைத்தால் எதிரொலியும் சேர்ந்து அறுபடும். முன்னே வைப்பதே பாடலின் மூச்சுக்கு ஏற்றது. தம்பூராவோ சுருதிப்பெட்டியோ உடன் ஒலிக்குமானால், ஒலிவெளி ஏற்கெனவே பாதி நிரம்பியிருக்கிறது. ரிவெர்ப்பை மேலும் குறைக்கலாம்.

இரண்டு விடைகளும் சந்திக்கும் ஓர் இடமும் வரலாற்றில் உண்டு. விஸ்வ மோகன் பட்டும் ரை கூடரும் சேர்ந்து வாசித்து 1993-இல் வெளிவந்து, மறு ஆண்டு கிராமி விருது பெற்ற ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ இசைத்தொகுப்பு, கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு குருமடத்தின் சிற்றாலயத்தில் பதிவுசெய்யப்பட்டது. பரிவுத் தந்திகள் பூட்டிய கருவிக்கும் உயர்ந்த கூரையுடைய ஓர் இடம் தேவைப்பட்டது. கருவியின் உள்ளே ஒலிப்பதும் வெளியே ஒலிப்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதற்கு அப்பதிவு போதிய சான்று.

இந்த வரலாற்றில் விடுபட்டுப் போவோர் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது. ராக இசைக்குள் கிதாரைக் கொண்டுவந்தோரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. வான் ஷிப்ளியும் சுனில் கங்குலியும் மின்கிதாரில் வாசித்த திரையிசை மெட்டுகளோ ‘மெல்லிசை’ என்ற தலைப்பின் கீழ் ஒதுக்கப்படுகின்றன. அவற்றைக் கேட்டு, கல்கத்தாவிலும் பிற நகரங்களிலும் வீட்டு முன்னறைகளில் இக்கருவியைக் கற்ற எண்ணற்றோருக்கும், அவர்களுக்குக் கற்பித்தோருக்கும் அந்தத் தலைப்பும் கிடைப்பதில்லை. தரப் பூட்டிய கருவியைச் செய்விக்க தேர்ந்த கைவினைஞரும் பொருளும் வேண்டும். ஒலிபெருக்கியும் சிறு எதிரொலிப் பெட்டியும் அதைவிட எளிதில் கிடைத்தன. ஆகவே விடைகளுக்கிடையிலான வேறுபாட்டில் அழகியலோடு வசதியின் பங்கும் உண்டு. தேயும் ஒலியைக் காத்து நிறுத்த இரு தரப்பாருமே உழைத்தனர். அவ்வுழைப்பில் ஒன்றை மரபு என்றும் மற்றொன்றை ஒப்பனை என்றும் பிரிப்பதற்கு ஒலியியலில் ஆதாரமில்லை.

பெடல் வாங்கச் செல்பவருக்கும் ஆய்வாளருக்கும் பொதுவான கேள்வி ஒன்றே: கை எடுத்தபின் எது நிற்க வேண்டும், எவ்வளவு நேரம்? அதற்கு விடை தெரிந்த வாசிப்பாளருக்குத் திருகுகளின் எண்ணிக்கை பெரிதாகத் தோன்றாது.