ஒரு துளியில் அளந்த ஏற்றம்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வித்தியாலயங்களிலே உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயிலும் மாணாக்கர் ஒரே வரியில் எழுதிச் செல்லும் இலத்திரனின் ஏற்றம், அறிஞர் பலர் பல்லாண்டு பிரயாசைப்பட்டுக் கண்டடைந்த பெறுமானமாகும். 1897இல் ஜே. ஜே. தொம்சன் அவ்வேற்றத்துக்கும் திணிவுக்கும் இடையிலான விகிதத்தை நிர்ணயித்தாராயினும், ஏற்றத்தைத் தனியே அளப்பதற்கு அவரும் தவுன்சென்டும் எச். ஏ. வில்சனும் கைக்கொண்ட நீர்முகிற் பரிசோதனைகள், துளிகள் கணந்தோறும் ஆவியாகிச் சிறுத்தமையால், ஐயத்துக்கு இடமளித்தன.

சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ரொபேட் மில்லிக்கனும் அவருடைய மாணாக்கர் ஹாவி பிளெச்சரும் 1909இல் நீரை விடுத்து, எளிதில் ஆவியாகாத எண்ணெயை நுண்திவலைகளாகத் தெளித்தனர். மேலும் கீழுமாக அமைந்த இரு பித்தளைத் தட்டுகளின் நடுவே, மேற்றட்டின் ஊசித்துளை வழியாக இறங்கிய திவலையொன்று பக்கவொளியில் நட்சத்திரம்போல் மின்ன, அது புவியீர்ப்பால் வீழும் வேகத்தையும், பல ஆயிரம் வோல்ற்று அழுத்தத்தால் மேலெழும் வேகத்தையும், தொலைநோக்கியும் நிறுத்தற் கடிகாரமும் கொண்டு மீண்டும் மீண்டும் அளந்தபோது, அதன் ஏற்றம் எப்பொழுதும் ஒரு சிற்றலகின் முழுவெண் மடங்காகவே மாறுவது பிரத்தியட்சமாயிற்று.

1913இல் மில்லிக்கன் வெளியிட்ட பெறுமானம் இன்றைய அலகில் ஏறத்தாழ 1.592×10⁻¹⁹ கூலோம். இவ்வாராய்ச்சிக்கும் ஒளிமின் ஆராய்ச்சிக்குமாக 1923இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. பிளெச்சரின் பங்கோ நெடுங்காலம் உலகறியாதிருந்தது. வளியின் பிசுக்குமையைச் சற்றுக் குறைத்துக் கொண்டமையால் நேர்ந்த வழு, 1930களில் எக்ஸ் கதிர் அளவீடுகளால் வெளிப்பட்டுத் திருத்தமுற்றது. 2019இல் 1.602176634×10⁻¹⁹ கூலோம் என நிலைநாட்டப்பட்ட பின், அது அளந்தறியப்படும் கணியமாகவன்றி, அம்பியரையே வரையறுக்கும் மாறிலியாக விளங்குகின்றது.