சிலேத்தாரில் நம்பிக்கை விற்ற கதை

வர்த்தக மேம்பாட்டு அதிகாரி என்றதும் உங்கள் மனக்கண்ணில் யார் வருகிறார்? கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, பெயரட்டை நீட்டி, இனிக்க இனிக்கப் பேசும் ஒருவர்தானே? நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். விமான உதிரிபாகத் துறையில் அந்தப் பேச்சு எடுபடாது.

அங்கே வாங்குபவர் முதலில் விலையைக் கேட்பதில்லை. இந்த உலோகம் எந்த ஆலையில் உருக்கப்பட்டது? அளந்தவர் யார்? அதற்கான தாள் எங்கே? இவைதான் கேள்விகள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் கணக்கில் பிசகினாலும் பாகம் குப்பைக்குப் போகலாம். முதல் ஆர்டர் கிடைப்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுவதும் உண்டு.

இந்த நம்பிக்கை சிங்கப்பூருக்கு எப்படிக் கிடைத்தது?

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை மீட்டுக்கொள்ளப் போவதாக அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களையே நம்பியிருந்த காலம். அங்கு வேலை பார்த்த இந்தியக் குடும்பங்களும் நிறைய. 1971 இறுதிக்குள் பெரும்பாலான படையினர் கிளம்பிவிட்டனர். சிலேத்தாரில் ஓடுபாதையும் விமானக் கொட்டகைகளும் மிஞ்சின.

கொட்டகை இருந்தால் போதுமா, கை வேண்டாமா? 1972ல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் இந்தியாவின் டாட்டா நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. அச்சும் கருவியும் செய்யக் கற்றுக்கொடுத்த இடம் அது. அடுத்த ஆண்டு ஜெர்மானியக் கேமரா நிறுவனமான ரோலையுடன் இன்னொன்று. 1981ல் ரோலை இங்கு கதவடைத்தது. வேலை போனவர்களின் வேதனையைச் சொல்லவும் வேண்டுமோ! ஆனால் கடைசல் இயந்திரத்தில் பழகிய கை அந்தப் பழக்கத்தை மறக்கவில்லை. அதே ஆண்டில் சாங்கி விமான நிலையம் திறக்கப்பட்டதும், பாய லேபாரில் முதல் ஆசிய விமானக் கண்காட்சி நடந்ததும் தற்செயல்தான். என்றாலும் என்னை வியக்கவைக்கும் தற்செயல்.

இதற்கிடையே 1975ல் சாம்கோ என்ற விமானப் பராமரிப்பு நிறுவனம் உருவாகியிருந்தது. எஸ்டி ஏரோஸ்பேஸின் தொடக்கம் அதுதான். உண்மையான வர்த்தக மேம்பாடு இந்தப் பழுதுபார்ப்பில்தான் நடந்தது என்பேன். எந்தப் பாகம் எத்தனை மணி நேரப் பறப்பில் தேயும் என்பது அதைக் கழற்றி மாட்டுபவனுக்குத்தானே தெரியும்? தேய்ந்ததைச் சரிசெய்து பெயர் வாங்கியவரிடம்தான் புதிதாகச் செய்து தரும் வேலையும் வந்து சேரும்.

2012ல் ரோல்ஸ்ராய்ஸ் சிலேத்தாரில் டிரென்ட் இயந்திரங்களைப் பொருத்தும் ஆலையைத் திறந்தது. அதுவரை பிரிட்டனில் மட்டுமே செய்யப்பட்ட உட்குழிவான டைட்டானிய விசிறி அலகுகளும் இங்கே உருவாகத் தொடங்கின. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற அதே சிலேத்தாருக்கு ஓர் ஆங்கிலேய நிறுவனம் பல ஆண்டுகள் கழித்து வேலை கொண்டுவந்தது.

எல்லாம் ஏறுமுகம் என்று எண்ணிவிடாதீர்கள். 2020ல் கொவிட் காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது சிறு பட்டறைகளுக்கு ஆர்டர் வற்றியது. தரச் சான்றிதழைக் காப்பாற்ற வேண்டுமே! வேலை இல்லாவிட்டாலும் ஆண்டுத் தணிக்கைக்குப் பணம் கட்டித்தான் ஆகவேண்டியிருந்தது.